உறுமல்

2011 செப்டம்பரில் ஓர் இரவு. வேளச்சேரியில் நானும் அவனும் வாடகைக்கு இருந்த அறையில், ஒரே இயர்ஃபோனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு ஓபெத்தின் புதிய ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாவது பாட்டின் நடுவில் அவன் தன் காதிலிருந்ததைப் பிடுங்கிக் கட்டிலில் போட்டான். என்னுடையதும் சேர்ந்து இழுபட்டு விழுந்தது.

"என்னலே இது? எப்பதான் கத்துவான்?"

"பொறுடா. இன்னும் ஏழு பாட்டு இருக்கு."

"ஏழு பாட்டும் இப்படித்தான் இருக்கும். வேணா பாரு."

அவன் சொன்னதுதான் நடந்தது. ஆல்பம் முடியும்வரை யாரும் கத்தவில்லை. கத்தப்போவதில்லை என்று பேட்டிகளில் முன்பே சொல்லியிருந்தார்கள், நாங்கள்தான் நம்பவில்லை. அன்றிரவு அவனிடம் நான் ஒரு வாக்கியம் சொன்னேன். பதினான்கு வருடமாக அது என்னுடன் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன், ஒரு ஸ்வீடன்காரர் கத்தாமல் போனது எங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று சொல்லவேண்டும். இதை வாசிப்பவர்களில் பாதிப் பேருக்கு மெட்டல் என்றால் முடியை விரித்துப்போட்டுத் தலையை ஆட்டும் கூட்டம் என்பதற்குமேல் தெரிந்திருக்காது. அதில் தவறொன்றும் இல்லை. எனக்கும் பதினேழு வயதுவரை அவ்வளவுதான் தெரியும்.

கோவைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. ஹாஸ்டலில் என் அறைக்கு வந்துசேர்ந்தவன் தென்காசிப் பக்கத்துக்காரன். ஒல்லி. அதிகம் பேசமாட்டான். பேசினாலும் இரண்டடி தள்ளியிருப்பவனுக்குக் கேட்காது. மெஸ்ஸில் சாம்பார் இன்னொரு கரண்டி வேண்டும் என்றால்கூட என்னைத்தான் கேட்கச் சொல்வான். அவனுடைய ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர் முழுக்க மெட்டல். ஹாஸ்டல் லேனில் யார் யாரிடமிருந்தோ இறக்கியது. ஒரு நாள் மின்சாரம் போய், லேப்டாப் பேட்டரியில் அவன் ஒரு பாட்டைப் போட்டான். 2001-இல் வந்த ப்ளாக்வாட்டர் பார்க் ஆல்பத்தின் தலைப்புப் பாடல், பன்னிரண்டு நிமிடம். பாட்டு என்றால் நாலரை நிமிடம், இரண்டு சரணம் என்று வளர்ந்தவன் நான். பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று முறை பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஓபெத் செய்வது இதுதான். இடியாக விழும் கிட்டார்களுக்கு மேல் மிகேல் ஓகர்ஃபெல்ட் உறுமுவார். ஆங்கிலத்தில் க்ரௌல் என்பார்கள், தமிழில் உறுமல் என்பதுதான் பக்கத்தில் வருகிறது. குரல்நாண்களுக்கு மேலே இருக்கும் போலிக் குரல்நாண்களை அதிரவைத்து, அடிவயிற்றுக் காற்றில் எழுப்பும் ஒலி. சொற்கள் பிடிபடாது. பிறகு திடீரென்று எல்லாம் நின்று, ஒற்றை அகௌஸ்டிக் கிட்டார் கேட்கும். அதே மனிதர், அப்போதுதான் முகம் கழுவிவிட்டு வந்தவர்போலத் தெளிவான மெல்லிய குரலில் பாடுவார். இரண்டும் ஒரே தொண்டை என்று நான் நம்பவே ஒரு வாரமானது. விடுமுறையில் ஈரோட்டில் வீட்டு ஹாலில் இதைப் போட்டபோது அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்து, "ஏஞ்சாமி, யாருக்கு உடம்பு சொகமில்ல?" என்று கேட்டார்.

உடம்பு சுகமில்லாதவனின் சத்தம் என்று அம்மா சொன்னது அவ்வளவு தப்பில்லை என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அந்தச் சத்தத்தின் வேலை பயமுறுத்துவது மட்டும் இல்லை. அது ஓய்ந்ததும் வருகிற அமைதிக்கு அதுதான் கனம் கொடுக்கிறது. மழை அடித்து நின்றபின் ஓட்டிலிருந்து சொட்டும் ஒலியை மழைக்கு முன் யாரும் கேட்பதில்லை.

2009-இல் ஐ.ஐ.டி. மெட்ராஸின் சாரங் விழாவுக்கு ஓபெத் வந்தது. கோவையிலிருந்து அன்ரிசர்வ்டில் கழிவறை வாசலில் உட்கார்ந்து போனோம். திறந்தவெளி அரங்கில் கறுப்பு டிசட்டைகள். ஊரெல்லாம் சேர்த்தாலும் நாங்கள் இரண்டு பேர்தான் இதைக் கேட்கிறோம் என்று நினைத்திருந்த எனக்கு, அத்தனை பேரைப் பார்த்ததும் முதலில் வந்தது பொறாமை. ஓகர்ஃபெல்ட் பாட்டுக்கு இடையில் முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஜோக் அடித்தார். பிறகு உறுமினார். அப்போதுதான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். மூன்று வருடத்தில் அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் கேட்கவில்லை, பார்த்தேன். வாய் திறந்திருந்தது, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவன் போட்ட சத்தம் கூட்டத்தின் சத்தத்தோடு போய்விட்டது. திரும்பி வருகையில் தொண்டை கட்டி, காட்பாடி தாண்டும்வரை சைகையிலேயே பேசினான். அவ்வளவு சந்தோஷமாக அவனை அதற்குப் பின் நான் பார்த்ததில்லை.

கல்லூரி முடிந்த அந்த டிசம்பரில் அவன் அப்பா இறந்தார். கடன் இருந்தது, தங்கைக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள். சென்னையில் அவனுக்குக் கிடைத்தது இரவு ஷிஃப்ட் சப்போர்ட் வேலை. எனக்குப் பகல் வேலை. அவன் வரும்போது நான் கிளம்புவேன். அலுவலகத்தில் யாரோ வெளிநாட்டிலிருந்து திட்டுவார்கள், ஊரிலிருந்து கடன்காரர் கூப்பிடுவார். இரண்டு பேரிடமும் அவன் ஒரே குரலில், "சரி சார், பாக்கேன் சார்" என்பான். கேபில் போகும்போதும் வரும்போதும் டெலிவரன்ஸ் கேட்பான். அவனுக்காக ஸ்டாக்ஹோமில் ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். இதை இப்போது எழுதுகிறேன். அப்போது எனக்கு இது தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹெரிடேஜ் வந்தது.

வாட்டர்ஷெட் பாணியிலேயே அடுத்த ஆல்பத்துக்கு இரண்டு பாடல்களை எழுதி வைத்திருந்தார் ஓகர்ஃபெல்ட். பேஸ் வாசிக்கும் மார்ட்டின் மெண்டெஸ் கேட்டுவிட்டு, இதே பாதையில் போனால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்ற பொருளில் ஏதோ சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். நான் மென்பொருள் எழுதுபவன். ஓடிக்கொண்டிருக்கும் நிரலைத் தூக்கிப் போடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மூன்று மீட்டிங், இரண்டு மேலாளர்கள், பழைய வாடிக்கையாளர்களுக்கு என்ன பதில் என்று ஒரு எக்செல் ஷீட். எங்கள் தொழிலில் பழைய பதிப்பை இத்தனை வருடம் ஆதரிப்போம் என்று எழுதிக் கொடுக்கிறோம். இசைக்கலைஞன் அப்படி எதுவும் எழுதிக் கொடுப்பதில்லை. ஆனால் கேட்பவன் மனதில் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் இருக்கத்தான் செய்கிறது.

அபா குழு பாடல் பதிந்த ஸ்டாக்ஹோமின் பழைய ஸ்டூடியோவில் ஹெரிடேஜைப் பதிவு செய்தார்கள். டிரம்ஸ் ஒலி வறண்டது, எதிரொலியே இல்லாமல் பக்கத்து அறையில் வாசிப்பதுபோல. மெல்லோட்ரான், ஹாமண்ட் ஆர்கன், புல்லாங்குழல். ஒரு பாட்டு 2010-இல் இறந்த ரானி ஜேம்ஸ் டியோவுக்கு அஞ்சலி. முதல் பாட்டு வெறும் பியானோ, இரண்டு நிமிடம். அந்தப் பியானோவுக்குப் பின்னால் யான் யோஹான்சன் இருக்கிறார். ஸ்வீடன் நாட்டுப்புறப் பாடல்களைப் பியானோவிலும் டபுள் பேஸிலும் மெதுவாக, கிட்டத்தட்டத் தயக்கத்தோடு வாசித்து 1964-இல் அவர் வெளியிட்ட ஆல்பம் ஸ்வீடனில் வீட்டுக்கு வீடு இருந்த ஒன்று. அதைப் பிறகு தேடிக் கேட்டபோதுதான் ஆல்பத்தின் தலைப்பே எனக்குப் புரிந்தது. எங்களுக்கு ஓபெத்தின் மரபு என்பது அவர்கள் 1995 முதல் போட்ட ஒன்பது ஆல்பங்கள். அவருக்கு மரபு அதற்கும் முன்னால் தொடங்குகிறது. உண்மையில் அவர் இதை மறைத்ததே இல்லை. ப்ளாக்வாட்டர் பார்க் என்ற தலைப்பே எழுபதுகளின் ஒரு ஜெர்மானிய ராக் குழுவின் பெயர்தான். பழைய இசைத்தட்டு சேகரிக்கும் பைத்தியம் அவர். நாங்கள்தான் அந்தத் தடயங்களையெல்லாம் அலங்காரமாக எடுத்துக்கொண்டிருந்தோம்.

ஆல்பத்தின் அட்டை ஓர் ஓவியம், டிராவிஸ் ஸ்மித் செய்தது. ஒரு மரம், பழங்களுக்குப் பதிலாக இசைக்குழுவினரின் தலைகள். குழுவை விட்டு விலகிய கீபோர்டு கலைஞர் பெர் வீபெரியின் தலை கீழே விழுந்துகொண்டிருக்கிறது. மரத்தடியில் பழைய உறுப்பினர்களின் மண்டையோடுகள். வேர்கள் பாதாளத்துக்குள் இறங்குகின்றன, அங்கே சாத்தான். அவர்கள் வந்த டெத் மெட்டல்தான் அந்தப் பாதாளம். ஒரு பக்கம் மக்கள் வரிசையில் நிற்கிறார்கள், பழம் பறித்துத் தின்ன. அந்த வரிசையில் நானும் அவனும்தான் நிற்கிறோம் என்பது அந்த இரவில் எங்களுக்கு உறைக்கவில்லை.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இதைத் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, எந்தப் பெரிய இசைக்குழுவுக்கும் ஒருநாள் நடப்பதுதான். துரோகம் என்றது ஒரு தரப்பு. முதிர்ச்சி என்றது இன்னொன்று. அந்தச் சுற்றுப்பயணத்தில் மேடையிலும் உறுமல் இல்லாத பாடல்களையே தேர்ந்தெடுத்து வாசித்தார்கள், அது எரிகிற தீயில் எண்ணெய். பழைய பாட்டு கேட்டுக் கூட்டத்திலிருந்து கத்தினார்கள். அடுத்த வருடம் மேடைக்கு உறுமல் திரும்பிவிட்டது. ஸ்டூடியோவுக்குத் திரும்பவில்லை.

இந்தச் சண்டையில் என்னை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அதற்கு எட்டு வருடம் முன்பே, 2003-இல், ஓபெத் உறுமலே இல்லாத ஓர் ஆல்பத்தை வெளியிட்டிருந்தது. டாம்னேஷன். ஆரம்பம் முதல் கடைசிவரை மெல்லிய குரல், மெல்லோட்ரான், அழுகைக்கு ஓர் அடி முன்னால் நிற்கும் பாடல்கள். அதை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. என் நண்பன் அதை மனப்பாடமாக வைத்திருந்தான். அப்படியென்றால் உறுமல் இல்லாததுதான் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது?

விடை அந்த ஆல்பம் பிறந்த விதத்தில் இருக்கிறது. டாம்னேஷனும் டெலிவரன்ஸும் ஒரே சமயத்தில் உருவானவை. ஒன்று 2002 நவம்பரில், மற்றது 2003 ஏப்ரலில். இரட்டைப் பிள்ளைகள். ஒருவன் முரடன், ஒருவன் சாது. சாதுவை நாங்கள் கொஞ்சினோம், ஏனென்றால் பக்கத்து அறையில் முரடன் இருந்தான். வீட்டுக்காரர் திண்ணையில் காற்று வாங்குவதற்கும் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான் டாம்னேஷனுக்கும் ஹெரிடேஜுக்கும். என் நண்பன் அந்த வித்தியாசத்தை மூன்றாவது பாட்டிலேயே கண்டுகொண்டான். அவர் இனி வரப்போவதில்லை என்று அவனுக்குக் கேட்டுவிட்டது. எனக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காததுபோல் இருந்தேன்.

ஏனென்றால் எனக்கு அப்போது வேறொரு வேலை இருந்தது. இருபத்திரண்டு வயது. கொஞ்சம் கிங் க்ரிம்சன், கொஞ்சம் கேமல், புரியாமலே மைல்ஸ் டேவிஸ் எல்லாம் கேட்க ஆரம்பித்திருந்தேன். அலுவலகத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்தவர் ஒருவர், மெட்டலெல்லாம் விடலைப் பருவத்தோடு போய்விட வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஹெரிடேஜ் எனக்கு ஒரு சான்றிதழாக வந்தது. ஓகர்ஃபெல்ட்டே வளர்ந்துவிட்டார், நானும் வளர்ந்துவிட்டேன். கட்டிலில் கிடந்த இயர்ஃபோனை எடுத்துத் துடைத்தபடி அவனிடம் சொன்னேன்:

"உனக்கு மியூசிக் வேண்டாம்டா. உனக்குப் பதிலா கத்த ஒருத்தன் வேணும். நீ இன்னும் ஹாஸ்டல்லயே இருக்க."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது. கேப் ஹாரன் கேட்டதும் ஷூவை மாட்டிக்கொண்டு போனான்.

வாக்கியத்தின் முதல் பாதி உண்மை. அதுதான் அதன் கொடுமை. அவனுக்குப் பதிலாகக் கத்த ஒருவர் தேவைப்பட்டது உண்மை. அது இசைக்குக் குறைந்த ஒன்று என்று எனக்கு யார் சொன்னார்கள்? ஒப்பாரிக்குக் கூலிக்கு ஆள் வைத்து அழுத ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். நமக்காக இன்னொருவர் அழுவதும் கத்துவதும் நமக்கு அந்நியமான ஏற்பாடா என்ன?

இன்னொரு உண்மையையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஹெரிடேஜ் எனக்கும் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு முழுக்க அதை நியாயப்படுத்திப் பேசினேன், தனியாக இருக்கும்போது வாட்டர்ஷெட்டைத்தான் கேட்டேன். ஃபாமின் என்ற எட்டு நிமிடப் பாடலை, இன்னும் எத்தனை நிமிடம் என்று திரையைப் பார்த்துப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். நேர்மையாகப் பிடிக்கவில்லை என்றவனை, பிடித்ததாக நடித்த நான் கேலி செய்தேன்.

ஹெரிடேஜ் எனக்கு உண்மையாகவே பிடிக்க ஐந்தாறு வருடமானது. அதற்குள் அவர்கள் பேல் கம்யூனியனும் சார்சரஸும் வெளியிட்டிருந்தார்கள். பேல் கம்யூனியனில் அந்தப் புதிய வழி கைகூடியிருந்தது, மெலடிகள் நின்றன, பாட்டுகள் எங்கே போகின்றன என்று அவற்றுக்கே தெரிந்திருந்தது. அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனபோது ஹெரிடேஜ் ஒரு பட்டறைபோலத் தெரிந்தது. பாதி செதுக்கிய மரங்கள். ஒரு நல்ல யோசனையின் பக்கத்தில் இன்னொரு நல்ல யோசனை, நடுவில் பாலம் இல்லை. இப்போதும் அது பாதி வெற்றி பெற்ற ஆல்பம் என்றே சொல்வேன். ஆனால் ஃபோக்லோர் பாட்டின் கடைசி ஒன்றரை நிமிடம் திடீரென்று எழுந்து ஓடத் தொடங்கும் இடத்தை, ஃபாமினில் அந்தப் புல்லாங்குழல் மூச்சுவாங்கும் இடத்தை, உறுமல் இருந்த காலத்து ஓபெத்தால் செய்திருக்க முடியாது. அமைதிக்குக் கனம் கொடுக்கப் பக்கத்தில் இடி இல்லை. அமைதி தன் கனத்தைத் தானே தேடவேண்டியிருந்தது. சில இடங்களில் கண்டுபிடித்தது.

இதை அவனிடம் சொல்லியிருக்கலாம். அவன் 2013-இலேயே அறையைக் காலிசெய்து பெங்களூர் போய்விட்டான். சண்டையெல்லாம் இல்லை. தீபாவளிக்கு வாட்ஸாப்பில் ஒரு படம், தங்கை கல்யாணம், அவன் கல்யாணம். கல்யாணத்துக்குப் போனேன், மேடையில் கைகுலுக்கினேன், புகைப்படத்தில் இருக்கிறேன். இசையைப் பற்றி மட்டும் நாங்கள் பேசவில்லை.

2024 நவம்பரில் ஓபெத்தின் பதினான்காவது ஆல்பம் வந்தது. த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட். பதினாறு வருடத்துக்குப் பிறகு ஸ்டூடியோ ஆல்பத்தில் உறுமல். ஆல்பத்துக்குச் சில மாதம் முன் முதல் பாட்டு வெளியானபோது நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். கேமராவை அணைத்துவிட்டுக் கேட்டேன். உறுமல் வந்த இடத்தில் முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது, முப்பத்தைந்து வயதில் அப்படி ஓடுவது கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ரசிகர்கள் மறுபடி பிரிந்தார்கள், இந்த முறை கட்சிகள் குழம்பிப்போய். பழைய ஓபெத் திரும்பிவிட்டது என்று சிலர் கொண்டாடினார்கள். இது பழையது இல்லை, இசை முழுக்கப் புதியதுதான், மேலே உறுமலைத் தூவியிருக்கிறார்கள் என்றார்கள் சிலர். இத்தனை வருடம் உறுமல் இல்லாத ஓபெத்துக்காக வாதாடியவர்களில் சிலருக்கு இது சரணாகதியாகத் தெரிந்தது. நானும் அந்த மூன்றாவது கூட்டத்தில் ஒரு நாள் இருந்தேன். எனக்கு மெய்சிலிர்த்ததையும் வைத்துக்கொண்டே.

பிறகு கதையைக் கவனித்தேன். முதலாம் உலகப்போருக்குப் பிந்தைய காலம். வசதியான குடும்பத்தின் தலைவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் உயிலைக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். கடைசிப் பாட்டைத் தவிர மற்றவற்றுக்குப் பெயரே கிடையாது, உயிலின் பத்திகளைப்போல வெறும் எண்கள். உயிலைப் படிக்கப் படிக்கத் தெரிகிறது, சொத்துக்கு உரிமை கோரி வந்த இரட்டைப் பிள்ளைகள் அவர் ரத்தமே இல்லை. சொத்தெல்லாம் அந்த வீட்டில் வளர்ந்த, இளம்பிள்ளைவாதம் வந்த ஒரு பெண்ணுக்குப் போகிறது. கடைசிப் பாட்டில் அவளும் அவர் மகள் இல்லை என்று தெரிகிறது. ரத்த உறவு என்று யாருக்கும் எதுவும் மிஞ்சுவதில்லை.

மரபு என்று பெயர் வைத்து ரசிகர்களைப் பிரித்தவர், பதின்மூன்று வருடம் கழித்து உயில் என்று பெயர் வைத்து எல்லோரையும் கூட்டி உட்காரவைத்திருக்கிறார். நாங்களும் எங்கள் பங்கைக் கேட்டு வந்து உட்கார்ந்தோம். அவர் இதையெல்லாம் யோசித்துச் செய்தாரா என்று தெரியாது. அந்த மனிதரின் நகைச்சுவையை நேரில் பார்த்தவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. உறுமல் இதில் நாடகத்தின் குரல். செத்த தந்தை உயிலுக்குள்ளிருந்து பேசும்போது உறுமுகிறார், ஒரே வரிக்குள் தெளிந்த குரலாகவும் மாறுகிறார். பழைய ஆல்பங்களில் உறுமலுக்கும் மென்குரலுக்கும் இடையே இரண்டு மூன்று நிமிட நடை இருக்கும். இங்கே ஓர் அறையிலிருந்து எட்டிப்பார்ப்பதுபோல வந்து போகிறது. கதை சொல்பவராக வருவது ஜெத்ரோ டல்லின் இயான் ஆண்டர்சன். ஹெரிடேஜ் போகாத வீட்டுக்குப் போய் இந்த உறுமல் கிடைத்திருக்காது. இதை நான் ஆதாரம் காட்டி நிரூபிக்க முடியாது, காதுக்கு அப்படித்தான் படுகிறது.

முதல் பாட்டின் சுட்டியை அவனுக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. நீல டிக் வந்தது. இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி பத்தரைக்குக் கூப்பிட்டான். இப்போது தென்காசியிலேயே இருக்கிறான், வீட்டிலிருந்து வேலை. அதே குரல், ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டால்தான் கேட்கும்.

"கேட்டேன்லே."

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. பாப்பா தூங்குதாலா, சத்தத்தக் கொறச்சு வச்சுத்தான் கேட்டேன். கொறச்சு வச்சா உறுமல் பூனை கத்துத மாதிரி இருக்கு."

சிரித்தோம். மகளுக்கு இரண்டு வயது. டாம்னேஷன் போட்டால் தூங்கிவிடுவாளாம். ஹெரிடேஜ் இப்போது எனக்குப் பிடிக்கும் என்றேன், ஃபோக்லோரைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். "எனக்கு இன்னமும் பிடிக்கலலே" என்றான். அதைச் சொல்வதில் அவனுக்கு எந்த வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை.

பிறகுதான் கேட்டேன். வேளச்சேரி ரூமில் அன்றைக்கு நான் சொன்னது நினைவிருக்கிறதா என்று. மறந்திருப்பான் என்று எதிர்பார்த்தேன், அதுதான் எனக்கு வசதி.

"இருக்கு." கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீ சொன்னது சரிதான்னு நெனச்சேன். இதெல்லாம் சின்னப்புள்ளத்தனம்னு. அதுக்கப்புறம் ஒரு ரெண்டு வருஷம் எதுவுமே கேக்கல. ஓபெத் மட்டுமில்ல, எதையுமே. கேப்ல சும்மா உக்காந்துட்டுப் போவேன்."

அந்த இரண்டு வருடமும் நான் அவனோடு ஒரே அறையில் இருந்தேன். அவன் காதில் இயர்ஃபோன் இல்லை என்பதை நான் பார்க்கவே இல்லை. நைட் ஷிஃப்ட், கடன், செத்துப்போன அப்பா, எல்லாவற்றோடும் அவனைச் சத்தமில்லாமல் விட்டது ஓகர்ஃபெல்ட் இல்லை. அவர் புதிய ஆல்பத்தில்தான் கத்தவில்லை, பழைய எட்டு ஆல்பங்களில் அப்படியே கத்திக்கொண்டுதான் இருந்தார். அவற்றை அவனிடமிருந்து பிடுங்கியவன் நான்.

"சாரிடா" என்றேன்.

"விடுலே. அதுக்கென்ன இப்ப."

பின்னால் குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

நவம்பரில் ஆல்பம் முழுதாக வந்த வாரத்தில் அவனிடமிருந்து ஒரு செய்தி. நேரம் காலை 5.40. அந்நேரத்துக்கு அவன் ஏன் விழித்திருந்தான், சத்தத்தை எவ்வளவு வைத்துக் கேட்டான் என்று தெரியாது.

"நாலாவது பாட்டுல ஃப்ளூட் யாருலே?"